ஆற விட்ட காணி

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அந்தப் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது, நான் அதைப் பிழையில்லாமல் எழுதினேனா என்றெல்லாம் கேட்டு இரண்டு பக்கத்துக்கு மின்னஞ்சல் வரும். பதில் எழுதும் பொறுமை எனக்கு இல்லை. வெறும் 'அவள்' என்றே இருக்கட்டும். இந்தச் சொல்லில் அவள் குற்றம் பிடிக்க இடமில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்காபரோவில், ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த லோயர் கந்தோரில் நாங்கள் ஐந்து வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். கீழே கொத்துரொட்டிக் கடை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தகரம் அடிக்கிற சத்தம் தொடங்கினால், தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட வேண்டியதுதான். எங்கள் லோயருக்கு வந்ததில் பாதி அகதி வழக்குகள். அவருக்குத் தமிழில் 'வணக்கம்' மட்டும் தெரியும். வருகிறவர்களின் கதையைத் தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் விண்ணப்பமாக எழுதுவது என் வேலை. அவர்கள் கொண்டுவருகிற காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பத்திரிகைத் துண்டு எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பது அவளுடைய வேலை.

இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆனால் நான் ஆறு வயதில் ரொறொன்ரோவுக்கு வந்தவள்; வாயைத் திறந்தால் இந்த ஊர்ப் பிள்ளை. நான் அவளை முதலில் கண்டபோது அவள் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவள். சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், எந்த இலைக்கு எந்த நோய், எந்த மண்ணுக்கு எந்த உரம் என்று சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம். அவளுடைய ஆங்கிலம் முழுக்கப் புத்தகத்தில் படித்தது. தொலைபேசியை எடுத்து அவள் இரண்டு வசனம் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் "மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?" என்று கேட்பார். நான் வாங்கிப் பேசுவேன். அப்படி வாங்கும்போது எனக்குள் ஒரு சின்னக் கொழுப்பு இருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை.

அவளுடைய மேசையில், நூலகக் கழிவு விற்பனையில் எடுத்த ஒரு ஆங்கில அகராதி கிடந்தது. பின்னட்டை இல்லை. சொல்லுக்குப் பொருள் மட்டுமல்ல, அது முதல் எப்படி இருந்தது, என்னவாக மாறியது என்ற வரலாறும் அதில் இருந்தது. ஒரு சொல்லைக் காகிதத்தில் வைப்பதற்கு முன் அவள் அதன் பிறப்பைப் பார்த்தே தீருவாள். நேரம் போகிறது என்று நான் புறுபுறுத்தால், திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள்.

"எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாத ஆளை வீட்டுக்குள்ளை விடுவீரோ? சொல்லை மட்டும் ஏன் விடுறீர்?"

அகதிகளிடம் அதிகாரிகள் கேட்கிற கேள்வியையே நீர் சொற்களிடம் கேட்கிறீர் என்று ஒருநாள் சீண்டினேன். ஓம், ஆனால் அது சொல்லுகிற பதிலை நான் நம்புவேன் என்றாள்.

'வளவு' என்ற ஒரு சொல்லுக்காக முழு நாளையும் செலவழித்தாள். ஒரு உறுதியில் அந்தச் சொல் இருந்தது. லோயர் எட்டிப் பார்த்து, தோட்டம் என்று போடலாமா என்றார். இல்லை என்றாள். முற்றம்? இல்லை. வீட்டைச் சுற்றியுள்ள வெற்று நிலம்? அது வெற்று நிலமில்லை, அதற்குள் கிணறு இருக்கிறது, பனை இருக்கிறது, வேலி இருக்கிறது என்றாள். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒன்றரை வரியில் ஒரு விளக்கம் எழுதி, அதை அந்தச் சொல்லுக்குப் பதிலாக வைத்தாள். லோயர் மூச்சை இழுத்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆங்கிலத்தின் பழைய கமத்துச் சொற்களில், உழவுச் சொற்களில், அவளுக்கு ஒரு தனி ஆசை. இரண்டு பேரும் மோர்னிங்சைட்டில் குடியிருந்தபடியால் ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம். புதிதாகக் கட்டப்போகும் வீடுகளுக்கான பெரிய விளம்பரத்தில் 'பத்து ஏக்கர்' என்று கண்டுவிட்டால் போதும். ஏக்கர் என்றால் முதலில் வெறும் வயல் என்றுதான் பொருள், பிறகு ஒரு சோடி எருது ஒரு நாளில் உழக்கூடிய அளவு ஆனது என்று தொடங்குவாள். ஆகவே அது காணியின் அளவல்ல, மாட்டின் அளவு என்பாள். பஸ்ஸில் நின்றுகொண்டு நித்திரை கொள்ளப் பழகியிருந்த எனக்கு அது பெரிய தொல்லை.

பிறம்ரனில் எங்கள் கந்தோர்ப் பிள்ளை ஒருத்தியின் கலியாணம். 'ஹஸ்பண்ட்' என்ற சொல்லுக்குப் பழைய காலத்தில் வீட்டுக்காரன், நிலத்தைப் பண்படுத்துகிறவன் என்றெல்லாம் பொருள் இருந்தது என்று இவள் கண்டுபிடித்திருந்தாள். வாழ்த்து மட்டையில் மாப்பிள்ளைக்கு 'நல்ல கமக்காரனாக இரு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை கணினிக்காரன். தன்னைப் பட்டிக்காடு என்று நக்கலடித்ததாக நினைத்து, மண்டபத்தில் எங்கள் மேசைப் பக்கமே வரவில்லை. நான் போய்ச் சமாதானம் பேசினேன். அவளோ, எழுதியதில் பிழை இருந்தால் காட்டச் சொல்லும் என்று கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் சஸ்கற்சுவானில் இருக்கிறாள். கடலையும் பருப்பும் விளைகிற மாகாணம். பழைய உத்தியோகத்துக்குக் கிட்டின உத்தியோகம். சந்திக்கிற ஆட்களிடமெல்லாம் அவளைப் பற்றிச் சொல்லுகிறேன். சொல்லும்போது என் குரல் ஒரு படி உயர்ந்துவிடுகிறது என்று என் மகள் சிரிப்பாள். உயரட்டும். நான் பெருமைப்பட எனக்குத் தெரிந்த ஆட்கள் அதிகம் இல்லை. அந்தப் பெருமைக்குக் காரணமான விஷயத்தில் நான் நின்ற இடம் அவ்வளவு அழகானதல்ல. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். முதல் நாள், கந்தோர் மூலையில் இருந்த செடிக்குத் தண்ணீர் காணாது என்று தன் போத்தலில் இருந்ததை ஊற்றினார். ஊற்றிய பிறகுதான் அது பிளாஸ்ரிக் என்று கண்டார். சத்தமில்லாமல் லேஞ்சியை எடுத்து நிலத்தைத் துடைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

அவருடைய கதையை நான்தான் கேட்டு எழுதினேன். போர் முடிந்து ஊருக்குத் திரும்பி, தன் மேட்டுக்காணியில் மிளகாய் வைத்திருந்தார். யாரென்று சொல்லாத ஆட்கள் ஒருநாள் அந்தக் காணிக்குள் வந்து, அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் அடைத்து வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். மறுபடி தேடி வந்தபோது அவர் ஓடினார். வழக்கின் அடி அத்திவாரம் அவ்வளவுதான்: காணிக்குள் நின்றவரைப் பிடித்தார்கள். இதை நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், அங்கே அந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

அகதிச் சபையின் விசாரணை நாளில் லோயருக்கு உதவியாக அவள் போனாள். நான் கந்தோரில் இருந்தேன். பின்னேரம் திரும்பி வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல், நான் எழுதிய விண்ணப்பத்தை என் மேசையில் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தாள். பிடிபட்டதற்கு முந்தின வருஷம் தங்கள் காணியைக் கைவிட்டுவிட்டோம் என்று அந்த வரி ஆங்கிலத்தில் சொன்னது.

நடந்தது இதுதான். விசாரணை அதிகாரி அந்த வரியை வாசித்து, முந்தின வருஷமே கைவிட்ட காணியில் உங்களுக்கு என்ன வேலை, அங்கே எப்படிப் பிடிபட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். கமக்காரர் திடுக்கிட்டு, நான் ஏன் என் காணியைக் கைவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. இதற்கு விளக்கம் இல்லாவிட்டால் மிச்சக் கதையையும் நம்புவது கஷ்டம் என்று சொல்லி, விளக்கம் கொடுக்க அதிகாரி இரண்டு கிழமை தவணை தந்திருந்தார்.

"அவர் உமக்கு என்ன சொன்னவர்? தமிழிலை சொல்லும்," என்றாள்.

காணியை விட்டதாகச் சொன்னார் என்றேன்.

"விட்டது எண்டோ, ஆற விட்டது எண்டோ?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மிளகாய்க்குத் தொடர்ந்து நோய் வந்தபடியால் அந்தப் போகம் உழுது ஆற விட்டனாங்கள் என்று சொன்னார். எனக்குத் தெரிந்த ஆறுவது தேத்தண்ணீரும் கோபமும்தான். காணி எப்படி ஆறும் என்று ஒரு கணம் யோசித்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைப்பாரோ என்று கேட்கவில்லை. 'விட்டனாங்கள்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதினேன். 'உழுது' என்பது ஒரு சில்லறை விவரம் என்று விட்டுவிட்டேன்.

அந்த அறையில் அவரையும் என்னையும் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. சொன்னது எல்லாவற்றையும் சரியாக மொழிபெயர்த்தேன் என்று விண்ணப்பத்தின் அடியில் என் கையெழுத்து இருந்தது. ஞாபகம் இல்லை என்று நான் சொல்லியிருந்தால், அவளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. சொல்ல வாய் எடுத்தேன் என்பதும் உண்மை. அவள் கோட்டோடு நின்று, என் வாயிலிருந்து வரப்போகிற தமிழுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"உழுது ஆற விட்டனாங்கள் எண்டுதான் சொன்னவர். உழுததை நான் எழுதேல்லை," என்றேன்.

அவள் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தாள். அது எனக்கு ஏச்சை விட மோசமாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது, ஆகவே குழப்பம் வந்தது என்று எழுதினால் எனக்கும் பாதகமில்லை, அவருக்கும் பாதகமில்லை என்று கெஞ்சிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லை முழுங்கினவள் என்று பெயர் எடுத்தால் வேறெந்த லோயரும் என்னைக் கூப்பிட மாட்டார்.

"ரெண்டு பொருள் இருந்தால் எழுதுவன். இல்லை," என்றாள். பிறகு, பின்னட்டை இல்லாத அகராதியை எடுத்தாள்.

அவள் தேடிப் பிடித்த சொல் 'ஃபலோ'. அவள் வாயில் அது 'பின்தொடர்' என்ற சொல் மாதிரிக் கேட்டது. காணி யாரைப் பின்தொடருகிறது என்று நான் கேட்க, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்: எஃப், ஏ, இரண்டு எல், ஓ, டபிள்யூ. நான் கைத்தொலைபேசியில் தேடினேன். வெளிறிய மண்ணிறம் என்று வந்தது. அந்த நிறத்தில் ஒரு மானும் வந்தது. அது வேறு சொல், வேறு வழியால் வந்து இப்போது எழுத்தில் ஒன்றுபோல நிற்கிறது, அதை நம்பி வீட்டுக்குள் எடுக்காதேயும் என்றாள். எங்களுக்கு வேண்டியது மற்றது. பழைய ஆங்கிலத்தில் அதன் உச்சரிப்பு என்று ஒன்றைச் சொல்லிக் காட்டினாள். தொண்டையில் மீன்முள் சிக்கியவள் மாதிரி இருந்தது. அதன் முதல் பொருள் உழுத நிலம். பிறகு, உழுது மண்ணைப் புரட்டி, விதைக்காமல் ஒரு வருஷம் ஆற விட்ட நிலம். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் வயலை மூன்றாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒன்றை அப்படி விடுவார்கள். விட்ட வயலையும் சும்மா விடுவதில்லை. களை வேர்விடாமல் கோடையில் இரண்டு மூன்று தரம் உழுவார்கள். அதற்கும் முந்தி அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அதையும் அவள் தன் விளக்கத்தில் எழுதினாள். அதிகாரி கேட்காத விஷயத்தை ஏன் எழுதுகிறீர் என்றேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால்தான் தெரிந்ததை நம்புவார்கள் என்றாள்.

'ஆறுதல்' என்ற எங்கள் சொல்லில் புண் ஆறுவதும் இருக்கிறது, அதையும் சேர்த்தால் அதிகாரியின் மனம் இளகும் என்று நான் யோசனை சொன்னேன். ஆங்கிலச் சொல்லில் அது இல்லை என்று மறுத்துவிட்டாள். இல்லாத நகையைப் போட்டு அந்தச் சொல்லைச் சபைக்கு அனுப்ப அவளுக்கு மனமில்லை.

இரண்டாம் தவணைக்கு நான்கு பேரும் போனோம். முதலில் என்னைக் கேட்டார்கள். ஒரு தவறான விளக்கம் ஏற்பட்டுவிட்டது என்று யாருடைய தவறும் இல்லாதது மாதிரி ஒரு வசனத்தைச் சப்வேயில் பாடமாக்கி வைத்திருந்தேன். அங்கே போய் இருந்தபோது, கமக்காரர் என்னைப் பார்த்து, தங்கச்சி வந்ததே பெரிய உதவி என்று தலையை ஆட்டினார். பாடமாக்கியது வரவில்லை. அவர் உழுதோம் என்று சொன்னார், அந்தச் சொல்லை நான் விட்டுவிட்டேன், பிழை என்னுடையது என்று சொன்னேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு என் கையில் ஒரு பேனையைக் கொடுத்து, விண்ணப்பத்தில் அந்த வரியை வெட்டி, 'உழுது ஃபலோவாக விட்டோம்' என்று ஆங்கிலத்தில் திருத்தி, பக்கத்தில் சிறு கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

அதிகாரி அவளுடைய விளக்கத்தை மேசையில் விரித்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஆங்கிலம் அவருடைய தாய்மொழி. தன் வீட்டுச் சாமானை மற்றவர் எடுத்து விளக்குகிறபோது வருகிற ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். நானும் அதைச் சிரித்தவள்தான்.

இந்தச் சொல்லை நானும் பாவிக்கிறேன் என்றார். வீட்டில் ஒரு வயலின் இருக்கிறது, பத்து வருஷமாக யாரும் வாசிக்காமல் அது 'ஃபலோ'வாகக் கிடக்கிறது என்று மனைவியிடம் சொல்லுவேன். அதற்கு அர்த்தம், நான் அதைக் கைவிட்டுவிட்டேன் என்பதுதான். அப்படியென்றால் விண்ணப்பத்தில் முதல் எழுதியதற்கும் இப்போது எழுதியதற்கும் என்ன வித்தியாசம்?

லோயர் கடதாசியைப் புரட்டினார், அதில் ஒன்றும் இருக்கவில்லை. கமக்காரருக்குச் சபையின் மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவருடைய தலை குனிந்துகொண்டே போனது.

அவள் எழுந்தாள். எழும்பத் தேவையில்லை என்று அதிகாரி கையைக் காட்டியும் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. தொலைபேசியில் நான் வாங்கிப் பேசுகிற அதே ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக வைத்து, ஐயா, உங்கள் வயலினுக்கு நீங்கள் பிழையான சொல்லைப் பாவிக்கிறீர்கள் என்றாள்.

லோயர் கண்ணை மூடினார்.

அவள் நிறுத்தவில்லை. உங்கள் மொழியில் அது முதலில் உழுத நிலத்தின் பெயர். சும்மா கிடப்பது என்ற பொருள், உழவை மறந்தவர்கள் பிறகு கொடுத்தது. இவர் உழவை மறக்கவில்லை. இவர் சொன்ன தமிழ்ச் சொல்லிலும் முதலில் வருவது உழுதது, பிறகுதான் விட்டது. ஒருவர் காணியைக் கைவிடப் போகிறார் என்றால், அதை உழமாட்டார். அடுத்த போகத்துக்குத் திரும்பி வருகிறவர்தான் உழுதுவிட்டுப் போவார். அவர் திரும்பி வந்தார். வந்த இடத்தில்தான் பிடித்தார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தாள். அதிகாரி ஒரு தரம்கூட "மன்னிக்கவும், என்ன சொன்னீர்கள்?" என்று கேட்கவில்லை. அந்த நிமிஷம் அவள் என் பக்கத்துக் கதிரையில் இருக்கிறாள் என்பதற்காகவே நான் நிமிர்ந்து இருந்தேன். என் பிழையின் நடுவில் இருந்துகொண்டு அப்படிப் பெருமைப்பட எனக்கு உரிமை இருந்ததோ தெரியாது. பட்டேன்.

இருபது நிமிஷம் எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டு, அதிகாரி முடிவை வாசித்தார். காணியைப் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், இவர் சொன்னதை நம்புகிறேன், இவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கப்படுகிறது. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, அவளைப் பார்த்து, வயலினுக்கு வேறு சொல் தேட வேண்டும் போலிருக்கிறது என்றார். அவள் தேடித் தருவதாகச் சொன்னாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பாளர் கமக்காரரிடம், உங்களை ஏற்றுக்கொண்டாச்சு அண்ணை, இனி இங்கை இருக்கலாம் என்றார். லோயர் பல்லெல்லாம் தெரியக் கையை நீட்டினார். கமக்காரர் அந்தக் கையைக் கவனிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நான் காணியைக் கைவிட்டனான் எண்டு அந்தக் கடதாசியிலை இன்னும் கிடக்கோ?"

அவள் கோப்பைத் திறந்து, அந்தப் பக்கத்தை அவருக்கு நேராகத் திருப்பி வைத்தாள். என் பழைய வரி வெட்டப்பட்டிருந்தது. அதன் மேல் என் கையெழுத்தில் புதிய வரி. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"எந்தச் சொல்லு?" என்று கேட்டார்.

அவள் காட்டினாள். அவர் அதன் கீழே விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நகர்த்திப் பார்த்தார். உழுததும் இருக்கோ என்று கேட்டார். அதற்கு முன்னால் இருந்த சொல்லையும் அவள் காட்டினாள். அதன் மேலும் விரலை நகர்த்தினார்.

"அப்ப சரி," என்றார். அதற்குப் பிறகுதான், அவ்வளவு நேரமும் நீட்டியபடியே இருந்த லோயரின் கையைப் பிடித்தார்.